தெற்குச் சுவரில் வெயில் படாத 140 நாள்

திருநெல்வேலிப் பக்கம் மனை பார்க்கப் போனால் தரகர் தவறாமல் சொல்வார்: "வடக்கு பாத்த வாசல் சார், வெயில் எட்டிக்கூடப் பாக்காது." ஐப்பசியில் போய் நின்று பார்த்தால் அவர் பேச்சு அப்படியே பலிக்கும். அதே வாசலில் ஆனி மாதம் காலை எட்டு மணிக்கு நின்றால் வடகிழக்கிலிருந்து வெயில் திண்ணைக்கு வந்துவிடும். மாலையில் வடமேற்கிலிருந்து வரும். அந்த வீட்டின் தெற்குச் சுவரோ அன்று முழுக்க நிழலில்தான் இருக்கும். தெற்கே வைத்த ஜன்னலில் ஒரு துளி நேர் வெயில்கூட விழாது.

தரகர் பொய் சொல்லவில்லை. ஆண்டின் பாதியில் உண்மையாக இருப்பதை ஆண்டு முழுவதற்கும் நீட்டிவிட்டார், அவ்வளவுதான். இந்த விஷயத்தில் நாம் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். சூரியன் நேர் கிழக்கில் உதிக்கும் என்கிறோம். பகல் 12 மணிக்கு உச்சிக்கு வரும் என்கிறோம். கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகிறது என்கிறோம். மூன்றும் சரியில்லை. பாடநூல்களில் வரும் பருவகாலப் படமும் பெரும்பாலும் ஐரோப்பிய வானத்துக்குப் பொருந்துகிற மாதிரி விளக்கப்படுகிறது. ஜூன் என்றால் கோடை, டிசம்பர் என்றால் குளிர் என்று மனப்பாடம் செய்த பிள்ளை ஜூனில் குற்றாலச் சாரலில் நனையும்போது குழம்பத்தான் செய்யும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கோணம், 23.4 டிகிரி. அது நம் ஊர் வானத்தில் என்ன செய்கிறது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

ராட்டினத்திலிருந்து பார்த்தால்

திருவிழாவில் குடைராட்டினம் ஏறியவர்களுக்கு இது தெரியும். எதிரே இருக்கும் அல்வாக் கடையின் விளக்கு ஒரு பக்கம் தோன்றி, கண்முன் நகர்ந்து, மறுபக்கம் மறையும். விளக்கு அசையவில்லை, சுற்றுவது நாம்தான். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுவதால் சூரியன் கிழக்கே தோன்றி மேற்கே போகிறது. இதுவரை யாருக்கும் சிக்கல் இல்லை.

ராட்டினத்தின் நடுக்கம்பம் நேராக நின்றால் விளக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே உயரத்தில் கடந்துபோகும். கம்பம் கடைப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது விளக்கு கம்பத்தின் உச்சிக்குப் பக்கமாக வந்ததுபோல் தெரியும். கம்பம் கடைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அதே விளக்கு கம்பத்தின் அடிப்பக்கமாக இறங்கியதுபோல் இருக்கும். இரண்டிலும் விளக்கு இடம் மாறவில்லை. கம்பத்துக்கும் விளக்குக்கும் இடையிலுள்ள கோணம்தான் மாறியது.

பூமியின் நடுக்கம்பத்துக்குப் பெயர் அச்சு. வட துருவத்தையும் தென் துருவத்தையும் இணைக்கும் கற்பனைக் கோடு அது. பூமி சூரியனைச் சுற்றும் பாதையை ஒரு சமதளம் என்று கொண்டால், அச்சு அந்தத் தளத்துக்கு நேர்செங்குத்தாக நிற்காமல் 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. இதுதான் அச்சுச் சாய்வு. கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் நடுவே 30 டிகிரி. அதில் ஆறரை டிகிரியைக் கழித்துக்கொண்டால் சாய்வின் அளவு கண்ணுக்குப் பிடிபடும்.

சாத்துக்குடியும் ஈர்க்குச்சியும்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுமாறுவார்கள். ஜூனில் பூமி சூரியன் பக்கம் சாய்கிறது, டிசம்பரில் எதிர்ப்பக்கம் சாய்கிறது என்று சொல்லிச் சொல்லி, பூமி என்னவோ சாய்வு நாற்காலிபோல முன்னும் பின்னும் ஆடுகிற மாதிரி ஒரு படம் மனதில் பதிந்துவிட்டது. பூமி அப்படி ஆடுவதில்லை. அச்சு ஆண்டு முழுவதும் விண்வெளியில் ஒரே திசையைப் பார்த்தபடிதான் இருக்கிறது. அதன் வட முனை ஏறத்தாழ துருவ நட்சத்திரத்தை நோக்கியிருக்கிறது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு சாத்துக்குடியின் நடுவே ஈர்க்குச்சியை இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வெளியே வரும்படி செருகுங்கள். குச்சிக்குக் குறுக்காக, பழத்தின் இடுப்பைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு. அது நிலநடுக்கோடு. அந்தக் கோட்டிலிருந்து மேல்முனை வரை உள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கு மேலே ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் திருநெல்வேலி. நம் அட்சரேகை, அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து நாம் வடக்கே தள்ளியிருக்கும் கோணம், 8.7 டிகிரி. துருவம் 90 டிகிரி. ஆக, நாம் நடுக்கோட்டை ஒட்டித்தான் குடியிருக்கிறோம்.

அறையின் நடுவே ஒரு மேசையில் விளக்கு, பழம் இருக்கும் உயரத்திலேயே. மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஈர்க்கின் மேல்முனை அடுப்படிக் கதவுப் பக்கமாகச் சாய்ந்திருக்கும்படி பழத்தைப் பிடித்து, விளக்கைச் சுற்றி நடங்கள். நடக்கும்போது முனை அடுப்படிப் பக்கத்தையே பார்க்க வேண்டும். வழக்கமாக நடக்கும் தவறு இதுதான்: நடக்க நடக்க நம் கையும் உடம்போடு சேர்ந்து திரும்பிவிடும், ஈர்க்கு எப்போதும் விளக்குப் பக்கமே சாய்ந்திருக்கும். அப்படிச் சுற்றினால் வருடம் பூராவும் ஜூன் மாதம்தான்.

சரியாகச் சுற்றினால் நான்கு நிலைகள் கிடைக்கும். ஓரிடத்தில் ஈர்க்கின் மேல்முனை விளக்கின் பக்கமாகச் சாய்ந்திருக்கும். அங்கே ஈர்க்குக்கும் விளக்குக்கும் நடுவே உள்ள கோணம் 90-லிருந்து 23.4 போக 66.6 டிகிரி. அது ஜூன் 21. அதற்கு நேர் எதிரே முனை விளக்கைவிட்டு விலகிச் சாய்ந்திருக்கும். கோணம் 90-உடன் 23.4 சேர்ந்து 113.4 டிகிரி. அது டிசம்பர் 21 அல்லது 22. இடைப்பட்ட இரண்டு இடங்களில் ஈர்க்கு பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். விளக்கை நோக்கியும் இல்லை, விலகியும் இல்லை, கோணம் சரியாக 90. அவை மார்ச் 20-ஐயும் செப்டம்பர் 22-ஐயும் ஒட்டிய நாள்கள்.

சுருக்கமாக: அச்சு திசை மாறுவதில்லை. நாம் சூரியனைச் சுற்றிவருவதால் அச்சுக்கும் சூரியனுக்கும் இடையிலான கோணம் மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை 66.6-க்கும் 113.4-க்கும் நடுவே போய்வருகிறது.

பாதி புதைந்த தேர்ச்சக்கரம்

இந்தக் கோணத்தை வானத்துக்குக் கொண்டுபோவோம். பூமி சுழல்வதால் வானத்தில் உள்ள எல்லாமே துருவப் புள்ளியைச் சுற்றுவதாகத் தெரியும். செக்கு மாடுபோல. கயிறு நீளமாக இருந்தால் மாடு போடும் வட்டம் தள்ளிப்போகும், சுருக்கினால் கிட்ட வரும். சூரியனைக் கட்டியிருக்கும் கயிற்றின் நீளம்தான் அந்த 66.6 முதல் 113.4 டிகிரி.

நடுக்குற்றி எங்கே இருக்கிறது? எந்த ஊரிலும் துருவப் புள்ளி வடக்குத் தொடுவானத்துக்கு மேலே அந்த ஊர் அட்சரேகையின் அளவு உயரத்தில் இருக்கும். திருநெல்வேலியில் 8.7 டிகிரி. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. அதாவது துருவ நட்சத்திரம் நமக்கு ஒரு முஷ்டி உயரத்துக்கும் கீழே, பனைமரக் கொண்டைக்குப் பின்னாலும் புழுதிக்குள்ளும் ஒளிந்துகிடக்கும். மரமில்லாத வெளியில், தெளிந்த இரவில்தான் பிடிபடும்.

அதனால் நம் ஊர் வானத்தில் சூரியனின் பாதையை இப்படிக் கற்பனை செய்யலாம். பெரிய தேர்ச்சக்கரம் ஒன்று பாதி மண்ணில் புதைந்து நிற்கிறது. அதன் அச்சாணி வடக்கு தெற்காக, வடமுனை மட்டும் 8.7 டிகிரி தூக்கியபடி. அச்சாணியின் வடமுனை தூக்கியிருப்பதால் சக்கரத்தின் தலை அதே அளவு தெற்கே சரிந்திருக்கிறது. சக்கரத்தின் விளிம்பில் சூரியன் ஓடுகிறது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் சக்கரம் நடுவில் நிற்கும். ஜூனை நோக்கிப் போகும்போது அச்சாணியோடு வடக்கே தள்ளிக்கொண்டு போகும், டிசம்பரை நோக்கிப் போகும்போது தெற்கே. சரிவு மட்டும் மாறாது. ஒரு வருடத்துப் பாதைகளை எல்லாம் வரைந்தால் பத்தமடைப் பாயின் கோரை இழைகள்போல ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கும்.

இந்தச் சக்கரம் கிட்டத்தட்ட நட்டுக்குத்தலாக நிற்பதால்தான் நம் ஊரில் சூரியன் நெட்டுக்கு ஏறி நெட்டுக்கு இறங்குகிறது. பொழுது அடைந்து இருபது நிமிடத்துக்கெல்லாம் இருட்டிவிடுவதும் அதனால்தான். லண்டனில் அச்சாணி 51 டிகிரி தூக்கியிருக்கிறது. அங்கே சூரியன் சரிந்த வாக்கில் மெல்ல இறங்கும், அந்தி நீண்டுகிடக்கும்.

பகல் நீளமும் இதிலேயே இருக்கிறது. அச்சாணி தூக்கியிருக்கும் வடக்குப் பக்கம் சக்கரம் நகரும்போது பாதிக்கு மேல் மண்ணுக்கு வெளியே வரும். தெற்கே போனால் பாதிக்கு மேல் புதையும். நமக்குத் தூக்கல் கொஞ்சம்தான் என்பதால் வித்தியாசமும் கொஞ்சம். ஜூன் 21-இல் பகல் சுமார் 12 மணி 38 நிமிடம், டிசம்பர் 21-இல் சுமார் 11 மணி 37 நிமிடம். ஒரு மணி நேரம்தான். லண்டனில் அதே இரு நாள்களுக்கும் நடுவே எட்டு மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம்.

கிழக்கு எத்தனை கிழக்கு

சூரியன் நேர் கிழக்கில் உதிப்பது ஆண்டில் இரண்டே நாள், மார்ச் 20-ஐயும் செப்டம்பர் 22-ஐயும் ஒட்டி. மற்ற நாள்களில் வடக்கே அல்லது தெற்கே தள்ளித்தான். திருநெல்வேலியில் ஜூன் 21 அன்று நேர் கிழக்கிலிருந்து சுமார் 23.7 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கிறது. டிசம்பரில் அதே அளவு தெற்கே. மொத்த வீச்சு 47 டிகிரி, கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி.

இதைப் பார்க்க மேற்குத் திசைதான் வசதி, ஏனென்றால் அங்கே நமக்குப் பொதிகை மலை இருக்கிறது. சேரன்மகாதேவியிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒரே மொட்டைமாடியில் ஒரே இடத்தில் நின்று, வாரம் ஒருநாள் சூரியன் எந்த முகட்டுக்குப் பின்னால் இறங்குகிறது என்று தாளில் கோடு போட்டு வைத்தால் போதும். மார்ச் மாதத்தில் ஒரு நாளைக்கு 0.4 டிகிரி நகரும். சூரியனின் அகலமே அரை டிகிரி என்பதால், ஏறத்தாழ தினமும் தன் உடம்பளவு வடக்கே தள்ளிப் படுக்கும். ஒரே வாரத்தில் முகடு மாறிவிடும். ஜூன் மூன்றாம் வாரத்தில் போய்ப் பார்த்தால் பத்து நாளானாலும் அதே முகட்டில்தான் இறங்கும். திரும்பப் போகிற வண்டி நின்று திரும்புவதுபோல. இந்தத் திரும்பும் நாள்களுக்குக் கதிர்த்திருப்பம் என்று பெயர். சூரியன் மறைவது தொடுவானத்தில் அல்ல, அதைவிட உயரமான மலை முகட்டில் என்பதால் கோணக்கணக்கு ஒரு டிகிரி முன்பின் இருக்கும், பாதகமில்லை.

கிழக்கு பார்த்த சில கோயில்களில் ஆண்டின் குறிப்பிட்ட சில நாள்கள் மட்டும் காலை வெயில் கருவறைக்குள் விழுவதும் இந்தக் கணக்குதான். வாசல்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் ஒரு திசையைப் பார்க்கின்றன. சூரியன் அந்தத் திசையைப் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை கடக்கிறது.

உச்சி வேளையின் நிழல்

இனி உச்சி வேளைக்கு வருவோம். ஒரு மீட்டர் கோலைச் செங்குத்தாக நட்டால் திருநெல்வேலியில் உச்சி நேர நிழல் இப்படி இருக்கும். டிசம்பர் 21-இல் 63 செ.மீ., வடக்கே. மார்ச் 20-இல் 15 செ.மீ., அதுவும் வடக்கே. ஏப்ரல் 12-ஐ ஒட்டி நிழலே இல்லை. ஜூன் 21-இல் 26 செ.மீ., ஆனால் தெற்கே. பிறகு திரும்பி வந்து ஆகஸ்ட் 31-ஐ ஒட்டி மறுபடியும் நிழல் இல்லை. அதன்பின் வடக்கே வளரத் தொடங்கும்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று உச்சிவேளையில் தேரின் நிழல் தெற்கே விழும். மார்கழியில் அதே வீதியில் எந்த வீட்டின் நிழலும் அந்நேரம் வடக்கேதான் விழும். இருபது மீட்டர் பனை ஒன்று டிசம்பரில் வடக்கே 12 மீட்டருக்கும் மேல் நிழல் தரும், ஜூனில் தெற்கே 5 மீட்டர்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஏப்ரல் 12 முதல் ஆகஸ்ட் 31 வரை, ஏறத்தாழ 140 நாள், சூரியன் உச்சியில் மட்டும் வடக்கே இருப்பதில்லை. உதிப்பது முதல் அடைவது வரை முழுப் பாதையுமே கிழக்கு மேற்குக் கோட்டுக்கு வடக்கேதான். ஆகவே அந்த நாள்களில் தெற்குச் சுவரில் நேர் வெயில் ஒரு நிமிடம்கூடப் படாது. மாறாக, செப்டம்பர் 22-லிருந்து மார்ச் 20 வரை வடக்குச் சுவரில் படாது. இடைப்பட்ட சில வாரங்களில்தான் காலையில் வடக்குச் சுவர், உச்சியில் தெற்குச் சுவர் என்று மாறிமாறி வரும். தரகரிடம் இனி மாதத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.

வடக்கு ஜன்னலுக்கு மேலே இரண்டடி சன்ஷேட் இருந்தால் ஜூன் உச்சி வெயிலைத் தடுத்துவிடும், ஏனென்றால் அந்நேரம் சூரியன் உச்சிக்கு 15 டிகிரிதான் தள்ளியிருக்கிறது. காலை வெயிலையும் மாலை வெயிலையும் சன்ஷேட் தடுக்காது. அவை பக்கவாட்டில் தாழ்வாக வருபவை. அதற்குப் பக்கத் தடுப்போ மரமோ வேண்டும். சோலார் பேனல் வைப்பவர்கள் இங்கே 8 முதல் 10 டிகிரி வரை தெற்கே சாய்த்து வைப்பதற்கும் காரணம் இதுதான்: ஆண்டு முழுவதையும் சராசரி பார்த்தால் சூரியன் நமக்கு அவ்வளவு தெற்கே இருக்கிறது. வடநாட்டு வீடியோவைப் பார்த்து 28 டிகிரி சாய்த்தால் டிசம்பரில் நன்றாக இருக்கும், ஆனியில் கரண்ட் குறையும். ஒரேயடியாகப் படுக்கவைத்தாலும் சரிவராது. மழைத்தண்ணீர் தூசியோடு தேங்கிக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் கறை கட்டும்.

கிணற்றுக்குள் சூரியன்

நிழல் காலடியிலேயே மறையும் நாளுக்கு நிழலில்லா நாள் என்று பெயர் வந்துவிட்டது. சூரியன் நேர் மேலே நிற்கும் இடம் ஏப்ரலில் நாளொன்றுக்கு சுமார் 40 கிலோமீட்டர் வடக்கே நகர்கிறது. கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 வாக்கில், நமக்கு 12 வாக்கில், மதுரைக்கு 15 வாக்கில், சென்னைக்கு 24 வாக்கில். கடைசியாக ஜூன் 21-இல் கடகரேகை வரை போய்த் திரும்புகிறது. கடகரேகைக்கு வடக்கே இருக்கும் டெல்லிக்கு நிழலில்லா நாளே கிடையாது.

இதைப் பார்க்க மிக நல்ல கருவி கமலைக் கிணறு. தண்ணீர் முப்பத்துமூன்றடி ஆழத்தில் (10 மீட்டர்), கிணற்றின் வாய் பத்தடி (3 மீட்டர்) என்று கொள்வோம். டிசம்பர் உச்சியில் வெயில் வடக்குச் சுவரில் 16 அடி ஆழம் வரைதான் இறங்கும். கீழே தண்ணீர் கருப்பாகக் கிடக்கும். மார்ச் 20-இல் வெளிச்சம் ஒன்றரை மீட்டர் தள்ளி விழுவதால் தண்ணீரில் ஏறக்குறைய பாதி பளபளக்கும். ஏப்ரல் 12-ஐ ஒட்டிய நாளில் பகல் 12.20-க்கு முழுத் தண்ணீரும் ஒளிரும், எட்டிப் பார்ப்பவர் தலையின் நிழல் நேர் கீழே விழும். தண்ணீரில் தெரியும் சூரியனையும் உற்றுப் பார்க்கக் கூடாது, கண்ணுக்குக் கெடுதல்.

12.20 எங்கிருந்து வந்தது? இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்குரியது. திருநெல்வேலி 77.7 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் நமக்கு உச்சி சுமார் 19 நிமிடம் தாமதம். பூமி ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் ஓடாததாலும் அச்சுச் சாய்வாலும் இது மாதத்துக்கு மாதம் நகரும். நவம்பர் தொடக்கத்தில் 12.03-க்கே உச்சி, பிப்ரவரி நடுவில் 12.33-க்கு. 12 மணிக்கு நிழல் பார்த்துவிட்டு, நிழல் இருக்கிறதே என்று ஏமாறுபவர்கள் ஒவ்வொரு ஏப்ரலிலும் உண்டு.

கிட்ட வந்தால் சூடா?

ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். பூமி சூரியனைவிட்டுத் தொலைவில் போகிறது, குளிரும், சளி பிடிக்கும், கஷாயம் குடியுங்கள் என்று. பூமியின் பாதை லேசான நீள்வட்டம் என்பது உண்மை. ஜூலை தொடக்கத்தில் சூரியன் சுமார் 15 கோடியே 21 லட்சம் கி.மீ. தொலைவில் இருக்கிறது, ஜனவரி தொடக்கத்தில் சுமார் 14 கோடியே 71 லட்சம் கி.மீ. மார்கழிப் பனியில் கோலம் போடும் நாள்களில்தான் நாம் சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறோம். வித்தியாசம் மூன்று சதவீதத்தைச் சற்றே தாண்டும். குளிரையும் வெயிலையும் தீர்மானிப்பது தூரம் அல்ல, கோணம்.

டார்ச் லைட்டைத் தரையில் நேராக அடித்தால் சின்ன வட்டம், பளிச்சென்று. சாய்த்து அடித்தால் அதே வெளிச்சம் நீண்ட முட்டையாகப் பரவி மங்கும். டிசம்பர் உச்சியில் திருநெல்வேலியில் சூரியன் 58 டிகிரி உயரத்தில் நிற்கிறது. காற்றின் தடுப்பைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், நேர் மேலே நின்றால் தரையில் விழக்கூடிய வெயிலில் 85 சதவீதம் அப்போதும் விழுகிறது. டெல்லியில் அன்று 62 சதவீதம். லண்டனில் 26. நமக்குக் குளிர்காலம் என்று ஒன்று பேருக்குத்தான் இருக்கிறது என்பதன் கணக்கு இது.

அப்படியானால் ஏப்ரல் 12-இல் சூரியன் தலைக்கு நேரே வந்துபோனபின் மே மாதம் ஏன் இன்னும் கொதிக்கிறது? அக்னி நட்சத்திரத்தில் சூரியன் நேர் தலைக்கு மேலே இருப்பதாகச் சொல்வார்கள். தமிழ்நாடு முழுவதுக்குமே முதல் நிழலில்லா நாள் ஏப்ரல் கடைசி வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மே 4 அன்று நெல்லையில் சூரியன் உச்சியைத் தாண்டி 7 டிகிரி வடக்கே போயிருக்கும். ஆனால் 7 டிகிரி சாய்வு வெயிலைக் குறைப்பது ஒரு சதவீதத்துக்கும் கீழே. பகலும் நீண்டுகொண்டே போகிறது. மண், பாறை, காங்கிரீட் எல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியில் முழுதாகத் திருப்பித் தர முடியாமல் மறுநாளுக்கு மிச்சம் வைக்கின்றன. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுவதுபோல.

ஜூனில் கதையை மாற்றுவது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்கள் வழியாக நுழைகிறது. தென்காசி, குற்றாலத்தில் சாரல், கயத்தாற்றில் காற்றாலைகள் வேகம் பிடிக்கும். பாளையங்கோட்டை மலைமறைவில் இருப்பதால் காற்று மட்டும்தான் மிச்சம், மழை இல்லை. ஆகஸ்ட் கடைசியில் சூரியன் இரண்டாம் முறை தலைக்கு நேரே வரும்போது அங்கே மறுபடி சுள்ளென்று அடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, சாய்வு சூரியனின் வழியைத் தீர்மானிக்கிறது. ஊரின் வெயிலில் அது ஒரு பங்குதாரர். காற்றும் மேகமும் மற்ற பங்குதாரர்கள்.

மொட்டைமாடியில் ஒரு கோல்

மேலே சொன்ன நிழல் அளவுகளை நம்ப வேண்டியதில்லை, அளந்து பார்க்கலாம். மணலுக்கு மேலே ஒரு மீட்டர் நிற்கும்படியான நேரான பி.வி.சி. குழாய், மணல் நிரப்பிய பக்கெட், தூக்குக்குண்டு, ரசமட்டம், சாக்குக்கட்டி, நூல். பக்கெட் உயரம் நிழலைக் கெடுக்கும் என்பதால் மணலின் மட்டத்துக்குச் சமமாக ஒரு பலகையை நிழல் விழும் பக்கம் வைத்து அதில் அளக்க வேண்டும். பலகை இல்லாவிட்டால் தோட்டத்து மண்ணில் நேராக நடுவது நல்லது.

முதல் பிழை தரையில் வரும். மொட்டைமாடித் தளத்தில் மழைத்தண்ணீர் ஓடக் கொத்தனார் வாட்டம் விட்டிருப்பார். கண்ணுக்குத் தெரியாது, நிழலுக்குத் தெரியும். அதனால்தான் ரசமட்டம். இரண்டாவது, கோலின் நேர்த்தி. ஒரு டிகிரி சாய்ந்தாலே நுனி 1.7 செ.மீ. நகர்ந்துவிடும். தூக்குக்குண்டை இரண்டு பக்கமிருந்து பார்த்து நேராக்குங்கள். மூன்றாவதைத் தவிர்க்க முடியாது. சூரியன் புள்ளி அல்ல, அரை டிகிரி அகலத் தட்டு என்பதால் நிழலின் நுனி ஏறத்தாழ 1 செ.மீ. அளவுக்கு மங்கலாகத்தான் விழும். மங்கலின் நடுவைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். ஏப்ரல் 11, 12, 13 மூன்று நாளுமே கண்ணுக்கு நிழலில்லா நாளாகத் தெரிவதும் இதனால்தான். ஒரு நாளில் நுனி நகர்வதே 0.6 செ.மீ.தான்.

வடக்கு எது என்று கண்டுபிடிக்க செல்போன் திசைகாட்டியை நம்ப வேண்டாம். கம்பி கட்டிய காங்கிரீட் தளத்தில் அது என்னவெல்லாமோ சொல்லும். கோலை நடுவாக வைத்து நூலால் ஒரு மீட்டர் ஆரத்தில் வட்டம் போடுங்கள். காலையில் சுருங்கிவரும் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் நீண்டு மீண்டும் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. டிசம்பரில் இவை காலை 10 மணிக்குச் சற்றுப் பின்னும் பிற்பகல் இரண்டரை மணிவாக்கிலும் கிடைக்கும். இரண்டு புள்ளிகளையும் இணைத்தால் அதுதான் கிழக்கு மேற்கு. பழைய மனையடி முறையில் சங்கு என்னும் நிழற்கோலை நட்டுத் திசை குறித்ததும் இப்படியே.

நேரம் இருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நுனியைக் குறித்துக்கொண்டே வாருங்கள். மார்ச் 20-ஐ ஒட்டிச் செய்தால் புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் விழும். டிசம்பரில் செய்தால் வடக்குப் பக்கம் விரியும் வளைவு, ஜூனில் தெற்குப் பக்கம் விரியும் வளைவு. சக்கரம் இடம் மாறுவதைத் தரையில் வரைந்து பார்ப்பது இது.

தை பிறந்தால் சூரியன் திரும்புமா?

கோல் கையில் இருக்கும்போது ஒரு பழைய கேள்வியையும் தீர்த்துக்கொள்ளலாம். தை முதல் நாள் சூரியன் வடக்கே திரும்புகிறது, அதுவே உத்தராயணம் என்பார்கள். வானத்தில் சூரியன் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இல், மார்கழி முதல் வாரத்திலேயே. முன்னோர்கள் தவறாகக் குறித்துவிட்டார்கள் என்று கேலி செய்பவர்களும் உண்டு, அதுவும் சரியல்ல.

பம்பரம் சுற்றும்போது அதன் தலை தனியாக மெல்ல வட்டமிடும் அல்லவா, பூமியின் அச்சும் அப்படி ஒரு வட்டம் போடுகிறது. ஒரு சுற்றுக்கு சுமார் 26,000 ஆண்டு. ஒரு மனித ஆயுளில் அச்சு திசை மாறாது என்று எடுத்துக்கொள்ளலாம், நூற்றாண்டுக் கணக்கில் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. நம் தமிழ் மாதங்கள் நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கப்படுகின்றன. கதிர்த்திருப்பமோ அச்சின் சாய்வை வைத்து வருகிறது. அச்சு நகர நகர இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 71 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இடைவெளி கூடுகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் தைப் பிறப்பும் சூரியன் திரும்புவதும் ஒன்றாக இருந்தன. இப்போது 24 நாள் பிரிந்து நிற்கின்றன.

டிசம்பர் 21 அன்று உச்சியில் 63 செ.மீ. குறித்த கோலைப் பிடுங்காமல் வைத்திருந்து, பொங்கலன்று 12.28-க்கு மறுபடி அளந்தால் 58 செ.மீ.தான் இருக்கும்.